களங்கம் யாருடையது?

அக்டோபர் 10 உலக மனநல நாள். அதையொட்டி, நான் ஆய்வு செய்துவரும் வட இந்தியப் பல்கலைக்கழகத்தில் சென்ற ஆண்டு ஒரு திரையிடல் நடந்தது. படம், கொங்கனா சென் சர்மா இயக்கிய 'எ டெத் இன் த கஞ்ச்'. அரங்கு நிறைந்திருந்தது. படம் முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் கேட்ட முதல் கேள்வி: "ஷுட்டுவுக்கு என்ன நோய்?" கைகள் உயர்ந்தன. மனச்சோர்வு என்றார் ஒருவர். பதற்றக் கோளாறு என்றார் மற்றொருவர். தந்தையை இழந்த துயரம் முற்றியதன் விளைவு என்றார் இன்னொருவர். நாற்பது நிமிடம் நீண்ட அந்த உரையாடலில், ஷுட்டுவைச் சூழ்ந்திருந்த குடும்பத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அதற்கான காரணத்தையும் இப்பதிவில் சொல்லியாக வேண்டும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஆண்டு 1979. கல்கத்தாவிலிருந்து ஒரு குடும்பம் மெக்ளஸ்கிகஞ்சுக்கு விடுமுறைக்கு வருகிறது. உடன் வரும் உறவுக்கார இளைஞன் ஷுட்டு, அண்மையில் தந்தையை இழந்தவன். தேர்வில் தோற்றதை வீட்டாரிடம் மறைத்திருப்பவன். அவனை யாரும் வெறுப்பதில்லை. ஏவல் செய்ய வைக்கிறார்கள், கேலி செய்கிறார்கள், கபடி ஆட்டத்தில் முரட்டுத்தனமாக வீழ்த்துகிறார்கள், காணாமற்போன குழந்தையைத் தேடிக் காட்டுக்குள் சென்றவன் குழியில் விழுந்து கிடக்க, குழந்தை கிடைத்த மகிழ்ச்சியில் அவனையே மறந்துவிடுகிறார்கள். தொடக்கக் காட்சியிலேயே காரின் பின்பெட்டியில் ஒரு சடலம் இருக்கிறது. அது யாருடையது என்பது இறுதியில்தான் நமக்குத் தெரிகிறது. இடையில் நோய்க்குப் பெயர் சூட்ட எந்த மருத்துவரும் வருவதில்லை.

மெக்ளஸ்கிகஞ்சிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் ராஞ்சி. அங்குள்ள மத்திய மனநல மருத்துவ நிறுவனம் 1918 முதல் இயங்கிவருகிறது. நம்மூரில் 'கீழ்ப்பாக்கம்' எதற்குப் பயன்படுகிறதோ, அதற்குத்தான் இந்திப் பேச்சில் 'ராஞ்சி' பயன்படுகிறது. ஊர்ப்பெயர் வசைச்சொல்லான கதை இரண்டு மொழிகளிலும் ஒன்றே. படத்தில் மரணம் நிகழ்வதோ அந்த மருத்துவமனையில் அன்று. நல்லவர்கள் நிறைந்த, விருந்தும் சிரிப்புமாக இருந்த ஒரு வீட்டில்.

ஆகவே "என்ன நோய்?" என்ற கேள்வி, படம் மறுத்த ஒன்றை அரங்கு வலிந்து திரும்பக் கொண்டுவந்த செயல். பார்வையாளர் தம்மைத் தப்புவித்துக்கொள்ளும் வழியும் அதுவே. நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டால், சிக்கல் முழுவதும் ஷுட்டுவின் உடலுக்குள் அடங்கிவிடும். நாம் எழுந்து தேநீர் அருந்தப் போகலாம்.

அரங்கின் பதாகையில் களங்கத்தைத் துடைப்போம் என்ற பொருளில் ஓர் இந்தி வாசகம் இருந்தது. தமிழிலும் 'சமூகக் களங்கம்' என்றே எழுதுகிறோம். மொழியியல் மாணவன் என்ற முறையில் அச்சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. களங்கம் நிலவில் இருக்கும் கறை. அது நிலவுக்கே உரியது. அதை அங்கே இட்டவர் எவருமில்லை. ஆனால் ஆங்கிலம் கிரேக்கத்திலிருந்து பெற்ற 'ஸ்டிக்மா' என்னும் சொல், அடிமைகளின், குற்றவாளிகளின் உடலில் பிறர் இட்ட குறியைச் சுட்டியது. எர்விங் கோஃப்மன் 1963இல் வெளியிட்ட தம் நூலை அந்தப் பொருளிலிருந்தே தொடங்கினார். சூட்டுக்குறி என்றால் சூடு போட்ட கை ஒன்று இருந்தே ஆகவேண்டும். களங்கம் என்று மொழிபெயர்த்த கணத்தில் அந்தக் கை மறைந்துவிட்டது. எழுவாய் இல்லாத வாக்கியமாகிவிட்டது.

வெகுஜன சினிமா இந்த மறைவை முழுமையாக்கியது. 'அந்நியன்' (2005) பிளவுண்ட மனத்தைக் கொலைக்கருவியாக்கியது. '3' (2012) இருதுருவக் கோளாற்றை வன்முறையோடு பிணைத்தது. இரண்டிலும் அச்சத்துக்குரியவர் நோயுற்றவரே, சுற்றியிருப்போர் பாவப்பட்டவர்கள். சுயாதீனத் திரைப்படம் கேமராவைத் திருப்பக்கூடியது. அதற்கு நாயகனின் பிம்பத்தைக் காக்கும் கடமை இல்லை. எல்லாவற்றையும் இடைவேளைக்குப் பின் தீர்த்துவைக்கும் கட்டாயமும் இல்லை. அபர்ணா சன்யாலின் 'எ டிராப் ஆஃப் சன்ஷைன்' (2011) என்ற ஆவணப்படத்தில், மனச்சிதைவு என்று கண்டறியப்பட்ட ரேஷ்மா வள்ளியப்பன் தம் வாழ்வைத் தாமே பேசுகிறார். பேசப்படுபொருளாக இருந்தவர் எழுவாயாக மாறுகிறார். களங்கத்தை அசைக்கும் ஆற்றல் இத்தகைய படங்களுக்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்த ஆற்றலை வைத்து நாம் செய்வது என்ன? ஆண்டுக்கொரு திரையிடல், ஒரு நிபுணர் உரை, பங்கேற்புச் சான்றிதழ், முகப்பில் ஒரு குழுப்படம். கோரிகனும் சக ஆய்வாளர்களும் 72 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்ட பகுப்பாய்வு நமக்குச் சங்கடமானது. வயதுவந்தோரிடையே, தகவல் போதிப்பதைவிட மனநோயை வாழ்ந்து கடந்தவரோடு ஏற்படும் தொடர்பே களங்கத்தைக் கூடுதலாகக் குறைக்கிறது. அதிலும் காணொளிவழித் தொடர்பைவிட நேருக்கு நேரான தொடர்பே வலியது. அதாவது படம் கதவைத் திறக்கலாம். கதவுக்கு அப்பால் ஒரு மனிதர் இருக்க வேண்டும். நம் மேடையிலோ மருத்துவர் இருந்தார், துறைத்தலைவர் இருந்தார். அந்த மனிதர் இல்லை.

அவர் ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். விடுதியில் என் அறைக்கு அருகில் தங்கியிருந்த ஆய்வாளர் ஒருவர், ஒரு பருவம் மருத்துவ விடுப்பில் சென்று திரும்பினார். டைபாய்டுக்குப் பின் திரும்புவோரிடம் கேட்கப்படாத ஒரு சான்றிதழை அவரிடம் கேட்டார்கள்: 'பிறருக்கு இவரால் ஆபத்தில்லை'. அலுவலகம் அவ்வளவோடு நின்றது. நாங்கள் நிற்கவில்லை. மெஸ்ஸில் அவருக்கு 'ராஞ்சி' என்று பெயர் வைத்தோம். ஊர்ப்பெயர் வசையாவது எவ்வகைப் பொருள்மாற்றம் என்று நான் உணவு மேசையில் விளக்கினேன், மேசையே சிரித்தது. சில வாரங்களில் அவர் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தினார். பிறகு ஆய்வையும் நிறுத்திவிட்டு ஊருக்குப் போனார். எங்களில் எவரும் அவரை வெறுக்கவில்லை. ஷுட்டுவின் வீட்டிலும் எவரும் வெறுக்கவில்லை. திரையிடலில் நான் வாய் திறவாததற்குக் காரணம் இதுதான்: அந்தப் படத்தில் நான் ஷுட்டுவை அல்ல, என்னைப் பார்த்தேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, வெவ்வேறு மனநோய்களில் சிகிச்சை கிட்டாதோர் 70 முதல் 92 விழுக்காடு வரை. இவர்கள் அனைவரும் விழிப்புணர்வு இல்லாததால் மட்டுமே மருத்துவரிடம் செல்லவில்லை என்று சொல்வது வசதியான பொய். மருத்துவரும் செலவுக்குப் பணமும் எட்டாதது ஒருபுறம். சென்றால் என்ன பெயர் வைப்பார்கள் என்பதை நன்றாக அறிந்திருப்பது மறுபுறம். விடுதிச் சுவரில் 14416 என்ற டெலி-மானஸ் எண் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த எண் தேவை. அது உயிர்களைக் காக்கக்கூடும். ஆனால் அழைக்க வேண்டிய பொறுப்பு துன்புறுபவருடையதாகவே அங்கும் எழுதப்பட்டிருக்கிறது. கேலியை நிறுத்த வேண்டியவர்களுக்கான சுவரொட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை.

எனவே அடுத்த அக்டோபருக்கான என் கோரிக்கைகள் இவை. திரையிடலுக்குப் பின் முதலில் பேசுபவர் மனநோயை வாழ்ந்து அறிந்தவராக இருக்கட்டும். நிபுணருக்கு அளிக்கும் அதே மதிப்பூதியம் அவருக்கும் அளிக்கப்படட்டும். ஆங்கிலத் துணையுரையோடு மட்டும் படத்தைப் போட்டுவிட்டு, விடுதிப் பணியாளர்களும் காவலாளிகளும் வரவில்லை என்று வருந்த வேண்டாம். அவர்களுடைய மொழியிலும் துணையுரை எழுதுவோம். அதை மொழியியல் துறை செய்யும்; நானே முதல் ஆளாக அமர்கிறேன். இறுதியாக, படம் ஓடிய அதே திரையில் நம் மறுசேர்க்கைப் படிவத்தையும் காட்டுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மனநோயையும் இயலாமை வகைகளுள் ஒன்றாக ஏற்றுப் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. அந்தச் சட்டத்தின் முன் அப்படிவம் நிற்குமா என்று கேட்போம்.

விளக்குகள் எரிந்ததும் "அவனுக்கு என்ன நோய்?" என்று இனி எவரும் கேட்க வேண்டாம். "இந்த வீட்டில் நான் யார்?" என்று கேட்போம். என் விடையை மேலே எழுதிவிட்டேன்.