வீட்டுப் பேச்சா படிப்பைக் கெடுக்கிறது?

பல்லடம் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்றால், பழி நேரே வீட்டின் மேல் விழுகிறது. தறி ஓட்டுகிற வீட்டில் படிப்பு வாசனை ஏது, பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பத்துக்குத் தமிழ் ஏது என்கிறார்கள். வீட்டுப் பேச்சை வாசலில் விட்டுவிட்டு வந்தால்தான் எழுத்து ஏறும் என்று பெற்றோரும் நம்பிவிட்டார்கள். இது தவறான நம்பிக்கை. பொருள் தெரியாத சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தை, கடைசி எழுத்துக்கு வரும்போது என்ன படித்தோம் என்றே அறியாமல் நிற்கும். விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த குழந்தைக்கு நாடாவும் காடாத் துணியும் பாவும் தொட்டுப் பழகியவை. கரும்பலகையில் ‘நாடா’ என்று எழுதி, முதலெழுத்தை மட்டும் மாற்றினால் ‘காடா’ வருவதைக் காட்டுங்கள். ‘பாவு’க்கு எங்கே கால் போடுவது என்பதைக் குழந்தை தானே சொல்லும். பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் 1963இல் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே, உழைக்கும் மக்களின் அன்றாடச் சொற்களையே அசை பிரித்து, சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்பித்தார்.

வெளிமாநிலக் குழந்தையின் நிலை இன்னும் கடினம். 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி அதுவும் பத்தாம் வகுப்புவரை தமிழ் படித்தாக வேண்டும். ‘காகம்’ என்ற சொல்லின் இரண்டு ககரங்களும் ஒலியில் வேறுபடுகின்றன. இந்தியில் அந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. இங்கே இரண்டுக்கும் ஒரே எழுத்தைப் பார்த்துத் திகைக்கும் குழந்தையை மந்தம் என்கிறோம். அதன் காது கூர்மையாக இருப்பதால்தான் அந்தத் திகைப்பே வருகிறது. இதை விளக்க ஆசிரியர் இந்தி படிக்க வேண்டியதில்லை. இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் போதும்.

பேச்சுத் தமிழிலேயே நின்றுவிட்டால் பொதுத் தேர்வை எப்படி எழுதுவது என்று கேட்கலாம். யாரும் நிற்கச் சொல்லவில்லை. தொடங்கும் இடம்தான் வீட்டுப் பேச்சு. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. தறிக்காரர் பிள்ளைக்குத் தறிச் சொல்லா, இது குலக்கல்வி ஆகாதா? தமிழ்நாட்டில் இந்தச் சந்தேகம் எழத்தான் வேண்டும். ஆனால் குலக்கல்வி எனப்பட்ட திட்டத்தில், 1953இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் குழந்தைகளைப் பெற்றோர் தொழிலுக்கு அனுப்பப் பார்த்தது. 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. நான் கேட்பது அதுவல்ல; முழுநேரப் பள்ளிப் படிப்பு, அதற்குள் தறிவீட்டுச் சொல்லுக்கும் ஓர் இடம். ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களே, அடுத்த வாரச் சொற்பட்டியலைப் பிள்ளைகளிடமே கேட்டு எழுதுங்கள்.