தடையாக இருப்பது அனுமதியா, நச்சுப்புகையா?

ஓசூரைக் கடந்து கர்நாடகத்திற்குள் நுழைவோரை முதலில் எதிர்கொள்ளும் ஊர் அத்திபெலே. அதன் தொழிற்பேட்டையில் இயங்கும் கொதிகலன்கள், டீசல் ஜெனரேட்டர்களின் புகையைச் சுவாசிப்பவர்கள், தமிழகத்திலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்களே.

1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், 21ஆவது பிரிவின்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் இசைவின்றித் தொழிற்கூடம் அமைக்கவோ இயக்கவோ தடை விதித்தது. தொடக்கத்தில் அட்டவணையில் கண்ட தொழில்களுக்கு மட்டுமே இது பொருந்தியது. போபாலில் பல்லாயிரம் உயிர்கள் பறிபோன பின்னரே, 1987ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணையை நீக்கி அதை விரிவாக்கியது. இந்த உரிமை ஆட்சியாளர்களின் கருணையால் கிடைத்ததன்று. பிணங்களின் மீது எழுதப்பட்டது.

இசைவு விண்ணப்பம் கேட்பதுதான் என்ன? எரிபொருள் எது, எவ்வளவு? புகைபோக்கியின் உயரம் என்ன? தூசியைத் தடுக்கும் கருவி உண்டா? இவை தொழிலாளியின் நுரையீரல் கேட்கும் கேள்விகள். இவற்றையே முதலாளிகள் ‘தடை’ என்கின்றனர்.

மோடி அரசு அவர்களுக்குச் செவிசாய்த்தது. ‘மக்கள் நம்பிக்கை’ எனப் பொருள்படும் ‘ஜன் விஸ்வாஸ்’ சட்டம் 2023இல் வந்தது. காற்றுச் சட்டத்தின் பல மீறல்களுக்கு இருந்த சிறைத்தண்டனை அகன்று, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதம் இடம்பெற்றது. 2024 நவம்பரில் ‘வெள்ளை’ வகைத் தொழில்களுக்கு இசைவே வேண்டாம் என்றாயிற்று. பெருமுதலாளிக்கு அபராதம் தண்டனையன்று. உற்பத்திச் செலவில் ஓர் இனம் மட்டுமே.

தாமதத்தையும் கையூட்டையும் கண்டு சிறுதொழில் முனைவோர் குமுறுவது நியாயமே. ஆயினும் நோய்க்கு மருந்து விதியை ஒழிப்பதன்று. நாடெங்கும் வாரியங்களில் ஏறத்தாழப் பாதிப் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. பொறியாளர்களை நியமிக்காமல் வாரியத்தை முடமாக்கிவிட்டு, “முடவன் நடக்கவில்லை” என்று பழிப்பது என்ன நீதி?

2023 அக்டோபர் 7 அன்று இதே அத்திபெலேயில் பட்டாசுக் கிடங்கு தீப்பற்றிப் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கருகினர். பெரும்பாலோர் தமிழக இளைஞர்கள். வெடிபொருள் உரிமத்திற்குச் சட்டம் வேறு, பாடம் ஒன்றே. காகிதத்தில் கையொப்பமிடுவதோடு அரசின் கடமை முடிவதில்லை. களத்தில் ஆய்வு நடந்தாக வேண்டும்.

காலியிடங்களை நிரப்புக! இசைவு ஆணைகளையும் ஆய்வு அறிக்கைகளையும் ஆலை வாயிலில் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் ஒட்டுக! ஆய்வின்போது தொழிற்சங்கப் பிரதிநிதியை உடன் அழைத்துச் செல்க! இக்கோரிக்கைகளை ஆலைதோறும் எழுப்புவது தொழிலாளி வர்க்கத்தின் உடனடிக் கடமை.