ஆயுள் முழுவதும் ஓடும் கார் வேண்டுமா?



சென்ற மாதம் நம் பங்குப்பேரவைக் கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலில் கடைசியாக இருந்த ஒரு சிறு காரியம் ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. பங்கின் பழைய வண்டியை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதே அது. 2008-இல் பதிவான டீசல் வண்டி. கிளைக் கிராமங்களுக்குத் திருப்பலிக்குப் போவதும், நள்ளிரவில் நோயாளிகளை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதில்தான்.

"பதினைந்து வருடத்துக்கு மேல் எந்த வண்டியும் ஓடக்கூடாதுன்னு அரசாங்கமே சொல்லிட்டாங்க சாமி, புதுசு வாங்கிடுவோம்" என்றார் இளைஞர் ஒருவர். பெரியவர் ஒருவர் விடவில்லை. "எங்கப்பா ஓட்டின அம்பாசிடர் முப்பது வருசம் ஓடுச்சு. சாகுற வரைக்கும் ஓடுற மாதிரி ஒரு காரை இப்ப ஏன் செய்ய மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டார். இரண்டு பேச்சையும் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் இளைஞர் சொன்னது. 2021-இல் மத்திய அரசு அறிவித்த வாகனக் கழிவுக் கொள்கை, சொந்த உபயோகக் கார்களை வயதை மட்டும் பார்த்து ஒழிக்கச் சொல்லவில்லை. தகுதிச் சோதனையில் தேறாத வண்டிதான் உடைக்கப்பட வேண்டும். 15 ஆண்டு முடிந்ததும் கட்டாயமாகக் கழித்துக்கட்ட வேண்டும் என்ற விதி, 2023 ஏப்ரல் முதல், அரசுத் துறைகளின் வண்டிகளுக்குத்தான் வந்தது. டெல்லியின் கதை வேறு. காற்று மாசைக் காரணம் காட்டி அங்கே டீசலுக்குப் 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்று வரம்பு வைத்தார்கள். 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு எரிபொருளே தரக்கூடாது என்றும் அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே நிறுத்திவைத்தார்கள். டெல்லிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத் திருமங்கலத்தில் பயந்துபோய் வண்டியை மலிவாக விற்றவர்கள் நம்மிடையே உண்டு. ஆதாயம் தரகருக்கு.

ஆனாலும் அரசின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறது. காருக்கு மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். ஆயுட்கால வரி என்று வாங்குகிறோம் என்பார்கள். பதிவுச் சான்றின் ஆயுளோ 15 ஆண்டுதான்!

இனி அம்பாசிடர். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை அதைச் செய்தார்கள். ஆங்கிலேயரின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற காரின் அச்சு அது. ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும் என்று கேலி செய்தோமே, நினைவிருக்கிறதா? அது பழுதாகாத கார் அல்ல. வாரம் தவறாமல் பழுதாகும், வழியிலேயே சரிசெய்துவிடலாம். எந்த ஊர்ப் பட்டறையிலும் பாகம் கிடைக்கும், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் திறந்து பார்க்கலாம். அது முப்பது ஆண்டு ஓடியதற்கு இதுவே காரணம். இன்னொரு காரணத்தையும் மறைக்க வேண்டாம். பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. 1983-இல் மாருதி 800 வரும்வரை நமக்குப் பெரிதாக வேறு வழியும் இல்லை. போட்டி இல்லாததால் அந்த நிறுவனமும் காரைப் பெரிதாக மாற்றவில்லை.

மறுபுறம், வேண்டுமென்றே சீக்கிரம் பழசாக்கும் வியாபாரமும் உலகில் நடந்திருக்கிறது. 1924-இல் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூட்டுச் சேர்ந்து, ஒரு பல்பு 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டன. கார் உலகில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆண்டுதோறும் புது உருவம் கொண்டுவந்து, நேற்று வாங்கியவரை இன்று வெட்கப்பட வைத்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் 'தூக்கியெறியும் கலாச்சாரம்' என்று கண்டித்தது இந்த மனநிலையைத்தான்.

அப்படியானால் பெரியவர் கேட்டது சரிதானே என்று தோன்றும். நமக்கு முழுச் சம்மதம் இல்லை. கப்பலூர் சுங்கச்சாவடியில் வண்டிகளுக்கிடையே ஓடி ஓடித் தின்பண்டமும் தண்ணீரும் விற்பவர்களைப் பார்க்கிறோம். நாள் முழுவதும் நம் புகைபோக்கியின் அருகில் நிற்பவர்கள் அவர்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் விற்கும் டீசல் காருக்குப் புகையை வடிகட்டும் சாதனம் உண்டு, 2008 வண்டிக்குக் கிடையாது. பாதுகாப்பும் அப்படியே. ஓட்டுநருக்குக் காற்றுப்பை 2019-இல்தான் கட்டாயமானது. 1990-இல் ஒரு 'சாகாத கார்' செய்து கொடுத்திருந்தால், அந்தப் புகையையும் காற்றுப்பை இல்லாத அந்த இருக்கையையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்கு விட்டிருப்போம். இதைச் சொன்னதும் பெரியவர் சற்று நேரம் பேசவில்லை.

ஆகவே ஆயுள் முழுவதும் ஓடும் கார் வேண்டாம். பழுதுபார்க்க விடும் கார் வேண்டும். உசிலம்பட்டி சாலையில் பட்டறை வைத்திருக்கும் நம் பங்கைச் சேர்ந்த சகோதரர் ஒருவர், "இஞ்சின்ல கை வைக்கத் தெரியும் சாமி, கம்ப்யூட்டர்ல கை வைக்க விடமாட்டேங்கிறாங்களே" என்றார். புது வண்டிகளின் மென்பொருளைத் திறக்கும் கருவி கம்பெனிச் சேவை மையத்தில்தான் இருக்கிறதாம். உறவினர் ஒருவரின் காரில் முகப்பு விளக்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொண்டி உடைந்தது. விரல் நீளம்கூட இல்லாத துண்டு. தனியாகத் தரமுடியாது, முழு விளக்கையும் மாற்றுங்கள் என்றார்கள். மின்சாரக் காரில் இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகும். பாட்டரிக்கு 8 ஆண்டு உத்தரவாதம் என்பது வழக்கமாகிவிட்டது. ஒன்பதாம் ஆண்டில் அதை யார், என்ன விலைக்கு மாற்றித்தருவார்கள்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-இல் வாக்களித்து, வெளிப் பட்டறைகளுக்கும் பழுதுநீக்கும் தகவல்களைத் தரவேண்டும் என்று சட்டம் பெற்றார்கள். நம் நாட்டிலும் பழுதுபார்க்கும் உரிமைக்காக நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. கார்களும் அதன் பட்டியலில் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தார்கள். உத்தரவாதக் காலம் முடிந்தபின்னும் இத்தனை ஆண்டு பாகம் தந்தே ஆகவேண்டும் என்று உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்துவதே அடுத்த படியாக இருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். மூன்றாம் கையாகக் கார் வாங்கும் குடும்பத்துக்கும், பழைய சின்ன யானையில் பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் பிழைப்பவருக்கும் அதுதான் உதவும்.

நம் பங்கு வண்டிக்கு வருவோம். அது மாதத்தில் சில நாள்கள், சில நூறு கிலோமீட்டர்தான் ஓடுகிறது. இவ்வளவு குறைவாக ஓடும் வண்டிக்காக இரும்பும் அலுமினியமும் ரப்பரும் செலவழித்து இன்னொன்றைச் செய்யவைப்பது அவசியமா என்று பொருளாளர் கேட்டது நியாயமாகப் பட்டது. 2028-இல் பதிவு முடியும்வரை வைத்துக்கொள்வது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகைச் சோதனை செய்வது, பின்னிருக்கைக்கும் பெல்ட் போடுவது என்று முடிவாயிற்று. மறைக்கல்விச் சிறுவர்களை அதில் நான்குவழிச் சாலையில் ஏற்றிச்செல்வதில்லை என்பதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னோம். அந்த ஒரு வரிக்கு மட்டும் கைதூக்கச் சொல்லத் தேவையிருக்கவில்லை.