பழம்படத்திற்கு யார் விலை சொல்வது?

பழம்பொருளுக்கு விலை உண்டு என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. ஆனால், அந்த விலையைச் சொல்லும் உரிமை யாருக்கு என்ற வினாவைத்தான் நாம் எழுப்பத் தவறுகிறோம். பட்டு நெய்யும் சந்தவாசலில் பிறந்த எனக்கு இந்த வினா புதிதன்று. பட்டும் ஜரிகையும் முதலாளி தருவார். தறியில் உட்கார்ந்தவருக்குக் கூலி கிடைக்கும். சேலை எந்தக் கடையில் என்ன விலைக்குப் போயிற்று என்பது நெய்தவருக்கே பல நேரம் தெரியாது. அதே நிலை, நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய புகைப்படங்களுக்கும் இப்போது வந்திருக்கிறது.

எங்கள் பக்கத்துத் தெருக்களில் பழைய சாமான் வாங்க வருவோர், பித்தளையோடு சட்டமிட்ட படங்களையும் கேட்கிறார்கள். என் உறவினர் வீட்டில் நான்கு படங்கள் ஓர் எவர்சில்வர் குடத்துக்குப் போயின. தேக்குச் சட்டத்துக்குத்தான் அந்தக் குடம். உள்ளிருந்த படம் கணக்கிலேயே வரவில்லை. அட்டையின் அடியில் அச்சிட்டிருந்த சென்னைப் படக்கூடத்தின் பெயரை வாங்கியவர் இருமுறை படித்தார். விற்றவர் ஒருமுறையும் படிக்கவில்லை.

அப்படியானால், இத்தகைய படங்களை ஏல நிறுவனத்திடம் ஒப்படைப்பதா, நாமே விற்பதா?

ஏலத்தின் பெருமையை முதலில் சொல்லிவிடுவோம். மான் ரே என்ற அமெரிக்கக் கலைஞர் 1924-இல் உருவாக்கிய ஒரு படத்தை, ஒரு தம்பதியர் 1962-இல் அவரிடமிருந்தே வாங்கி வைத்திருந்தனர். 2022 மே மாதம் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 1 கோடியே 24 இலட்சம் டாலருக்குப் போயிற்று. நம் மண்ணின் படங்களுக்கும் அந்த உலகில் இடமுண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி 1858-ஐ ஒட்டி எடுத்த மதுரை, தஞ்சைப் படங்கள் இலண்டன் ஏலங்களில் விலைபோயிருக்கின்றன. பலர் கூடிப் போட்டியிடும் இடத்தில், விலை எல்லார் காதிலும் விழும்படி சொல்லப்படுகிறது. ஏலத்தின் உண்மையான சிறப்பு இதுவே. ஏலத்தொழிலை இழிவாக எண்ணவும் வேண்டியதில்லை. சங்க இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவுப் பதிப்பாகத் தந்த மர்ரே எஸ். இராஜம், சென்னையில் ஏல நிறுவனம் நடத்தியவர்தாம்!

ஆனால், நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. விற்பவரிடம் மட்டுமே பெரிதும் கழிவு பெற்றுவந்த இலண்டனின் இரு பெரும் நிறுவனங்கள், 1975-இல் வாங்குபவரிடமும் நூற்றுக்குப் பத்து பெறத் தொடங்கின. பிற்காலத்தில் அந்த விகிதம் இரண்டு மடங்கையும் தாண்டியது. அதோடு நின்றதா? விற்பவரிடம் பெறும் கழிவைக் குறைக்காமலிருக்க, போட்டியாளர்களான சோதபீஸும் கிறிஸ்டீஸும் 1990-களில் திரைமறைவில் கைகோத்தன. 2000-இல் 51 கோடியே 20 இலட்சம் டாலர் ஈடு தர அவை இசைந்தன. சோதபீஸின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் டாப்மன் 2001-இல் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. வெளிப்படையான விலைக்குப் பின்னால் வெளிப்படையற்ற கணக்கும் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு படம் ஏலத்தில் ரூ. 10,000-க்கு முடிகிறது எனக் கொள்வோம். வாங்குபவர் மேலும் இருபது விழுக்காடு சேர்த்து ரூ. 12,000 தருகிறார். விற்பவரிடம் பத்து விழுக்காடு பிடித்தால் அவர் கைக்கு வருவது ரூ. 9,000. இடையில் நின்றது ரூ. 3,000. அனுப்பும் செலவும் காப்பீடும் வேறு. பெரிய விலைக்குரிய படம் இதைத் தாங்கும். சிறு படத்திற்கோ இது குருவி தலையில் பனங்காய்.

எனவே என் கருத்து இது. படமெடுத்தவர் பெயரும், காலமும், வந்த வழியும் உறுதியான அரிய படமாயின் ஏலத்திற்குக் கொடுக்கலாம். ஆனால் கழிவு எவ்வளவு, இதற்குக் கீழே விற்கலாகாது என்ற அடிவிலை எவ்வளவு, விலைபோகாவிட்டால் செலவு யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் பெற்ற பின்னரே கொடுக்க வேண்டும். மற்றப் படங்களை நாமே விற்பதுதான் தகும். அப்போதும் ஒருவரிடம் மட்டும் விலை கேட்டு விற்பது விற்பனையாகாது; வாசலுக்கு வந்தவர் சொன்னதை ஏற்பதாகும். மூவரிடமாவது கேட்க வேண்டும். சட்டத்தையும் மறத்தலாகாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்ய முடியாது. உள்நாட்டில் அதை வாணிகம் செய்யவும் உரிமம் வேண்டும். ஆகவே, மிகப் பழைய படம் வைத்திருப்போர் தொல்லியல் துறையிடம் கேட்டுத் தெளிவது நலம்.

இவை எல்லாவற்றிற்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. விற்கும் முன் படத்திற்கு நல்ல படியெடுத்து, அதிலுள்ளோர் பெயர்களை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத் திட்டமொன்றின் உதவியோடு, தமிழகப் படக்கூடங்களின் பழைய படங்களை மின்படிகளாகச் சேமித்துள்ளது. அந்தப் பணியின் ஒரு சிறு பகுதியை நம் கல்லூரி ஏன் செய்யலாகாது? ஆண்டுக்கு ஒரு நாள், மாணவர்கள் தத்தம் வீட்டுப் பழம்படங்களைக் கொண்டுவர, வரலாற்றுத் துறை படியெடுத்துப் பதிவேட்டில் ஏற்றினால் போதும். பேராசிரியப் பெருமக்கள் இதனைக் கருதிப் பார்க்க வேண்டுகிறேன்.

பெயர் எழுதிய படம் விலையும் கூடுதலாகப் பெறும். விற்ற பின்னும் ஊரைவிட்டு முற்றாகப் போய்விடாது. ஏலமோ, நேர்விற்பனையோ, தன் பொருள் இன்னதென்று அறிந்தவனுக்கே இரண்டும் பயன்தரும். அறியாதவனுக்கு எந்தச் சந்தையிலும் கிடைப்பது எவர்சில்வர் குடம்தான்.