“அப்படி ஒருத்தர் இல்லையே!” - தாத்தாவும் நானும் ஒரு ஆன்லைன் படிப்பும்

புதன்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி. டெஸ்க் வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் லேப்டாப்பை மூடவில்லை.

“இன்னுமா நியூஸ் போடுற?” என்று அம்மா எட்டிப் பார்த்தார்.

“நியூஸ் இல்லம்மா, ஹோம்வொர்க்!”

டிப்ளமோ முடித்து, வேலைக்கும் சேர்ந்துவிட்ட பெண், 11.59-க்குள் அசைன்மென்ட் அனுப்பத் தவிப்பதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் படிப்பது எஸ்.க்யூ.எல். அட்டவணை அட்டவணையாகச் சேர்த்து வைத்த தகவல்களிடம் கேள்வி கேட்பதற்கான கம்ப்யூட்டர் மொழி. என்பிடெல் தளத்தில் பேராசிரியர் பார்த்த பிரதிம் தாஸ் நடத்தும் 8 வார டேட்டாபேஸ் பாடம். வீடியோக்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்.

ஜர்னலிசம் படித்தவளுக்கு இது எதற்கு? டிஜிட்டல் டெஸ்க்கில் தினமும் ஏதாவது ஒரு எக்செல் ஷீட் வந்து விழும். விரலால் ஸ்க்ரோல் செய்து எண்ணி, பாதியில் போன் வந்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவேன். அந்த எரிச்சலில் சேர்ந்ததுதான்.

முதல் வாரமே பயம் கொஞ்சம் போனது. நம் புதுச்சேரி சட்டமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுக்கும் தொகுதிகள் 30. அவற்றை ஒரு அட்டவணையாக்கினேன். ‘குரூப் பை பிராந்தியம்’ என்று ஒரு வரி சேர்த்ததும் கண் சிமிட்டுவதற்குள் பதில் வந்தது: புதுச்சேரி 23, காரைக்கால் 5, மாஹே 1, ஏனாம் 1. தெரிந்த கணக்குதான். ஆனாலும் நான் கேட்டு அது சொன்னதில் ஒரு சந்தோஷம்!

இது புது மொழியும் இல்லை. அட்டவணைகளாகத் தகவலைச் சேமிக்கலாம் என்று ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த எட்கர் காட் 1970-ல் கட்டுரை எழுதினார். அதை வைத்து, புரோகிராமர் அல்லாதவர்களும் கேள்வி கேட்கும்படி ஒரு மொழியை அதே கம்பெனியின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-ல் வெளியிட்டார்கள். ஆக, என்னைப் போன்றவர்களுக்காகவே செய்த மொழி.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஐந்தாவது வாரம் வரை.

எங்கள் இதழின் பழைய கட்டுரைகளில் நம் ஊரைப் பற்றியவை எத்தனை என்று எடிட்டர் கேட்டார். தலைப்புகளின் பட்டியலை லேப்டாப்பில் ஏற்றி, ‘புதுச்சேரி’ என்ற சொல் வரும் தலைப்புகளை மட்டும் கொடு என்று கேட்டேன். கொஞ்சம்தான் வந்தது. “இவ்வளவுதான் சார்” என்று மெசேஜ் டைப் செய்தும்விட்டேன். அனுப்பும் முன்பு சும்மா பட்டியலைப் புரட்டினால், ‘பாண்டிச்சேரி’ என்று ஒரு தலைப்பு. கீழே ‘புதுவை’. இன்னும் கீழே ‘பாண்டி’. நாமே நாலு பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊரை, நான் ஒரே பெயரில் தேடியிருக்கிறேன்!

இதில் பயமுறுத்துவது எது தெரியுமா? கம்ப்யூட்டர் எந்தத் தப்பையும் காட்டவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பில் திட்டும். கேள்வியே தப்பாக இருந்தால், அந்தத் தப்பான கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

அந்த நிமிடம் தாத்தா ஞாபகம் வந்தது.

தாத்தா பெயர் முருகன். பிறந்தது பிரெஞ்சு ஆட்சியில், 1954-க்கு முன்பு. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ‘உ’ ஓசைக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்து போடுவார்கள். அதனால் பழைய பேப்பரில் அவர் பெயர் எம், ஓ, யு என்று தொடங்கும். ஆதாரில் எம், யு. சில வருடங்களுக்கு முன்பு ஒரு அலுவலகத்துக்கு அவரை அழைத்துக்கொண்டு போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அப்படி ஒருத்தர் இல்லையே” என்றார். ஆள் எதிரிலேயே நிற்கிறார்! திரும்பி வரும் வழியெல்லாம் தாத்தா பேசவே இல்லை. பிறகு நோட்டரியிடம் ‘இரண்டு பெயரும் ஒரே ஆள்தான்’ என்று அஃபிடவிட் வாங்கி, நாலைந்து முறை அலைந்துதான் விஷயம் முடிந்தது.

அன்றைக்கு அந்த கவுன்ட்டர்காரர் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அவர் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். ஒரு பெயரைத் தட்டினேன், வந்ததை நம்பினேன்.

டேட்டாபேஸ் பாடத்தில் இதற்கு மருந்து இருக்கிறது. பெயரை அடையாளமாக வைக்காமல், ஒவ்வொருவருக்கும் மாறாத ஒரு எண் கொடுக்க வேண்டும். அதற்கு ‘பிரைமரி கீ’ என்று பெயர். அந்த எண்ணுக்கு உரிய எல்லாப் பெயர்களையும், எல்லா எழுத்துக்கூட்டல்களையும் இன்னொரு அட்டவணையில் போட்டு, இரண்டையும் ‘ஜாயின்’ செய்ய வேண்டும். அப்புறம் எந்தப் பெயரில் தேடினாலும் அதே ஆள் வருவார். தாத்தாவின் அஃபிடவிட் வேலையைத்தான் இந்த இரண்டாவது அட்டவணை செய்கிறது.

எடிட்டருக்கு நாலு பெயரையும் சேர்த்துத் தேடிய பட்டியலை அனுப்பினேன். முதலில் வந்ததைவிட நீளம் பல மடங்கு.

உங்களுக்கும் ஆசை வந்தால், அனுபவத்தில் சில விஷயங்கள்:

* இங்கிலீஷ் தயக்கம் இருந்தால் தமிழில் தொடங்குங்கள். து.நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ மின்னூல் இலவசமாகவே கிடைக்கிறது.

* பழகுவதற்கு ‘எஸ்க்யூலைட்’ போதும், அதுவும் இலவசம். உங்கள் ஆண்ட்ராய்டு போனில் கான்டாக்ட் பட்டியலைச் சேமித்து வைப்பதும் இதுதான்.

* வீடியோ பார்ப்பது படிப்பு ஆகாது. பால் கணக்கு, சீட்டுக் கணக்கு என்று உங்கள் வீட்டுத் தகவலையே அட்டவணையாக்கிக் கேள்வி கேளுங்கள். பதில் சரியா என்று உங்களுக்கே தெரியும்.

* ‘பூஜ்ஜியம்’ என்று பதில் வந்தால், இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வேறு எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று யோசித்து இன்னொரு முறை கேளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோர் பெயரையும் வைத்து ஒரு குட்டி டேட்டாபேஸ் செய்தேன். தாத்தாவுக்கு ஒரு எண், இரண்டு எழுத்துக்கூட்டல். பிரெஞ்சு எழுத்தில் தேடினேன், ஒரு வரி வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தேடினேன், அதே வரி.

தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்க்ரீனுக்குக் கிட்டே வந்து பார்த்தார்.

“நான் ஒருத்தன்தான்னு இப்பவாவது ஒத்துக்கிச்சே!”

தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ரிசல்ட் எப்படி வந்தாலும் இதே பக்கத்தில் சொல்கிறேன்.