கையடக்கத் துப்பாக்கி: கமாண்டோவுக்கு மட்டும் இருந்தால் போதுமா?

திருமலைக்கு நாள்தோறும் 60,000, 70,000 பேர் வருகிறார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். ஏழுமலையானைத் தரிசிக்க வரும் இந்தக் கூட்டத்தைக் காக்க ‘ஆக்டோபஸ்’ கமாண்டோக்களும் நிறுத்தப்பட்டுள்ளனர். 2003 அக்டோபர் 1-ந் தேதி அலிபிரியில் அன்றைய முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் காரைக் குறிவைத்துக் கண்ணிவெடி வெடித்ததைத் திருப்பதிவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 2007-ல் ஆக்டோபஸ் படை அமைக்கப்பட்டது.

கமாண்டோவின் தோளில் தொங்கும் நீண்ட துப்பாக்கியை எல்லோரும் பார்க்கிறார்கள். உறைக்குள் இருக்கும் கைத்துப்பாக்கி பலர் கண்ணில் படுவதில்லை. ஆனால் கூட்டத்திலும், குறுகலான வீட்டுக்குள்ளும், பெரிய துப்பாக்கி பழுதாகி நின்றுவிட்ட நேரத்திலும் கைகொடுப்பது அந்தச் சின்னத் துப்பாக்கிதான். அதை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது தெரிந்தால், சாதாரண போலீஸ்காரருக்கு எது கிடைக்காமல் போகிறது என்பதும் தெரியும்.

அமெரிக்கா கற்ற பாடம்

சினிமாவில் கதாநாயகனின் துப்பாக்கி எவ்வளவு பெரிதோ, அவ்வளவு கைதட்டல். அமெரிக்காவின் சிறப்புப் படைகளுக்கும் 1996-ல் அப்படி ஒரு பெரிய துப்பாக்கி கிடைத்தது. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் காக் கம்பெனி செய்த ‘மார்க் 23’ அது. தண்ணீர், மணல், சேறு என எல்லாச் சோதனையிலும் தேறியது. ஆனால் தோட்டா இல்லாமலே சுமார் 1,200 கிராம் கனம். சத்தத்தைக் குறைக்கும் குழாயை மாட்டினால் ஒரு முழத்துக்கு வந்துவிடும். இதை யார் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவது? வீரர்கள் பலர் அதை விரும்பவில்லை. பின்னாளில் அமெரிக்கக் கடற்படைக் கமாண்டோக்கள் முதல் பல பிரிவினர் வந்து சேர்ந்தது, அதில் பாதிக் கனமே உள்ள ‘க்ளாக் 19’ என்ற ஆஸ்திரியத் துப்பாக்கிக்கு. பரீட்சையில் தேறுவது வேறு, பயன்படுவது வேறு.

எவ்வளவு சிறிதாக?

அதற்காகச் சிறியதெல்லாம் நல்லது என்று சொல்லிவிட முடியாது. அதே கம்பெனியின் மூன்று துப்பாக்கிகளைப் பார்த்தால் கணக்கு புரியும். ‘க்ளாக் 17’ சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், 17 தோட்டா. ‘க்ளாக் 19’ சுமார் 18.5 சென்டிமீட்டர், 15 தோட்டா. ‘க்ளாக் 26’ சுமார் 16.5 சென்டிமீட்டர், 10 தோட்டா. முதல் படியில் குறைவது இரண்டு தோட்டா. அடுத்த படியில் ஐந்து. குழல் குட்டையாகக் குட்டையாகக் குறி வைப்பது கடினம். பிடி சிறுத்தால் சுண்டு விரலுக்கு இடமில்லை. சுடும்போது கை அதிகமாக உதறும். சட்டைக்குள் மறைய வேண்டும், ஆனால் கைக்குள் நிற்கவும் வேண்டும். அதனால்தான் பல படைகள் நடுவிலுள்ளதை எடுத்துக்கொண்டன. பெரியதன் தோட்டாக் கூடு சிறியதிலும் பொருந்தும் என்பது கூடுதல் வசதி.

தோட்டாவின் அளவும் யோசித்துச் செய்வதுதான். 9 மில்லிமீட்டர் தோட்டா, கமாண்டோக்களின் எம்.பி.5 போன்ற சிறு இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் பொருந்தும். ஒரே சரக்கு இரண்டுக்கும் ஆகும். மேற்கு வங்கத்து இஷாபூர் துப்பாக்கித் தொழிற்சாலையில், 13 தோட்டா கொள்ளும் பிரௌனிங் துப்பாக்கியின் மாதிரியில் இந்தியா செய்ததும் 9 மில்லிமீட்டர்தான். பிற்பாடு தேசிய பாதுகாப்புப் படையின் கருப்புப் பூனைகள் க்ளாக் துப்பாக்கிக்குப் போனார்கள்.

வாங்கியபின் ஆளுக்கும் வேலைக்கும் தக்கபடி மாற்றுகிறார்கள். இருட்டில் மினுக்கும் குறிமுனை, குழலுக்கு அடியில் சின்ன விளக்கு, வியர்த்த கையிலும் வழுக்காத பிடி, கடல் நீரில் துருப்பிடிக்காத பூச்சு. 2010 முதல் வந்த க்ளாக் துப்பாக்கிகளில் பிடியின் பின்பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். சிறிய கை உள்ள பெண் காவலருக்கு இது பெரிய உதவி.

புத்தூர் சொன்னது

சித்தூர் மாவட்டத்தில் அன்றிருந்த புத்தூரில் (இன்று திருப்பதி மாவட்டம்) 2013 அக்டோபர் 5-ந் தேதி நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் தேடப்பட்டு வந்த பிலால் மாலிக், பன்னா இஸ்மாயில் இருவரும் ஒரு வீட்டில் பதுங்கியிருந்தார்கள். முதலில் கதவருகே போனது கமாண்டோ அல்ல, தமிழ்நாட்டுப் போலீசார். அவர்களில் ஓர் இன்ஸ்பெக்டர் தாக்கப்பட்டுப் படுகாயமடைந்தார். பிறகுதான் ஆக்டோபஸ் வந்தது. வீட்டுக்குள் ஒரு பெண்ணும் குழந்தைகளும் இருந்தார்கள். வெடிபொருளும் இருந்தது. பல மணி நேரம் பொறுத்திருந்து, கண்ணீர்ப்புகை செலுத்தி, பெண்ணையும் குழந்தைகளையும் பத்திரமாக வெளியே கொண்டுவந்தார்கள். தேடப்பட்ட இருவரில் ஒருவருக்குக் குண்டுக் காயம். இருவருமே உயிரோடு பிடிபட்டார்கள்.

கையில் நல்ல ஆயுதம் இருந்ததால் மட்டும் இது நடக்கவில்லை. எப்போது சுடக்கூடாது என்ற பயிற்சியும் இருந்தது. இரண்டு ஆண்டு கழியுமுன், 2015 ஏப்ரல் 7-ந் தேதி, திருப்பதிக்குப் பக்கத்துச் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து செம்மரம் வெட்ட வந்த கூலிகள் எனப்பட்டது. கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. வெடிபொருளோடு இருந்தவர்களை உயிரோடு பிடிக்க முடிந்த மாவட்டத்தில், கூலிகளை ஏன் உயிரோடு பிடிக்க முடியவில்லை? அந்தக் கேள்வி திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்துக் குடும்பங்களில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

செய்ய வேண்டியது

ஆபத்தான கதவை முதலில் தட்டுகிறவர் ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டரோ, சாதாரண உடையில் வந்த இன்ஸ்பெக்டரோதான். கமாண்டோ பிறகுதான் வருவார். கமாண்டோவின் கை அளவு பார்த்துத் துப்பாக்கி கொடுக்கும் அரசாங்கம், இவர்களுக்கும் அதே அக்கறையைக் காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான ரூபாய்க்குத் துப்பாக்கி வாங்கிவிட்டு, பயிற்சிக்குத் தோட்டா கொடுக்கக் கணக்குப் பார்ப்பது, சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓட்டக் கூடாது என்று பூட்டி வைப்பது போல. அதோடு, சுடாமல் பிடிக்கும் பயிற்சியைக் காட்டுக்குள் போகும் படைக்கும் கட்டாயமாக்க வேண்டும்.

கூட்டத்தில் தவறிப்போன தோட்டா ஆந்திரக்காரர், தமிழர் என்று பார்க்காது. பக்தர், திருடர் என்றும் பார்க்காது. தரிசன வரிசையில் குழந்தையைத் தோளில் சுமந்து நிற்கிறவரின் உயிர், காவல் நிற்பவரின் விரலையும் நிதானத்தையும் நம்பி இருக்கிறது. எந்தத் துப்பாக்கி வாங்கினார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம், அதைப் பிடிக்கும் கைக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்தார்கள் என்றும் மக்கள் கேட்க வேண்டும்.