ஹாலோகிராமின் இடம் மூக்குக்கண்ணாடி

2022 ஜனவரி 23 அன்று டெல்லி இந்தியா கேட் அருகே நேதாஜியின் ஒளியுருவம் திறந்துவைக்கப்பட்டது. உயரம் 28 அடி, அகலம் 6 அடி. 30,000 லூமென் திறன்கொண்ட 4கே புரொஜெக்டர், பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாத திரையொன்றில் அந்த உருவத்தை விழச்செய்தது. நாடு முழுவதும் செய்திகள் அதை ஹாலோகிராம் சிலை என்றே எழுதின. அந்த ஆண்டு செப்டம்பரில் அதே இடத்தில் கிரானைட் சிலை வந்துவிட்டது.

திரையில் விழுந்தது தட்டையான படம். சுற்றி வந்து பார்த்தாலும் நேதாஜியின் தோள்பட்டைக்குப் பின்னால் இருப்பது தெரியாது. 2012-ல் அமெரிக்காவின் கோச்செல்லா இசைவிழாவில் மறைந்த பாடகர் டூபாக் ‘தோன்றியதும்’, 2014 தேர்தலில் நரேந்திர மோடி ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் பேசியதும் சாய்வாக நிறுத்திய மெல்லிய படலத்தில் பிரதிபலித்த காட்சிகள். ஜான் ஹென்றி பெப்பர் 1862-ல் லண்டன் நாடக மேடையில் பேயைக் காட்டப் பயன்படுத்திய அதே உத்தி. மேடைக்கு அது போதும். ஆனால், ஹாலோகிராம் துறையின் முன்னேற்றத்தை இத்தகைய காட்சிகளைக் கொண்டு அளப்பதால், உண்மையில் நடக்கும் பெரிய வேலை நம் கவனத்துக்கு வராமல் போகிறது.

அந்த வேலை 1947-ல் தொடங்கியது. ஹங்கேரியில் பிறந்த டென்னிஸ் கபோர், இங்கிலாந்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் படங்களைத் தெளிவாக்க வழி தேடிக்கொண்டிருந்தார். புகைப்படம் ஒளியின் செறிவை மட்டுமே பதிகிறது. அலையின் கட்டத்தை, அதாவது அலை ஏற்ற இறக்கத்தின் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதைத் தொலைத்துவிடுகிறது. பொருளில் பட்டு வரும் ஒளியோடு இன்னொரு ஒளிக்கற்றையைச் சேர்த்தால், குறுக்கீட்டு விளைவால் உண்டாகும் வரிகளில் கட்டமும் பதிவாகும் என்று அவர் கண்டார். அதற்கேற்ற ஒளி மூலம் அப்போது இல்லை. 1960-ல் லேசர் வந்தது. 1964-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எமெட் லீத்தும் யூரிஸ் உபாட்னீக்சும் ஒரு பொம்மை ரயிலை ஹாலோகிராமாகக் காட்டினார்கள். தலையைச் சற்று நகர்த்தினால் முன்னால் இருந்த பாகம் விலகி, மறைந்திருந்த பாகம் தெரிந்தது. கபோருக்கு 1971-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ரயில் ஓடவில்லை. ஓடவைப்பதுதான் அறுபது ஆண்டுகளாகத் தீராத சிக்கல்.

காரணம் எளிய கணக்கு. இருபுறமும் 30 பாகை வரை நகர்ந்து பார்க்க வேண்டுமானால், திரையின் பிக்சல்கள் ஒளியின் அலைநீளம் அளவுக்கே, அதாவது சுமார் அரை மைக்ரான் இடைவெளியில் இருக்க வேண்டும். உள்ளங்கையளவு, 10 செ.மீ. பக்கமுள்ள சதுரத்துக்கே 4,000 கோடி பிக்சல்கள் தேவை. 4கே தொலைக்காட்சி முழுவதிலும் இருப்பவை ஏறக்குறைய 83 லட்சம். அத்தனை பிக்சல்களையும் நொடிக்குப் பலமுறை புதிதாகக் கணக்கிட்டு மாற்றவும் வேண்டும்.

கணக்கிடும் பாரத்தைச் செயற்கை நுண்ணறிவு வெகுவாகக் குறைத்துவிட்டது. எம்ஐடியின் லியாங் ஷி, வோய்ச்செக் மாட்டுசிக் குழுவினர் 2021-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், சுமார் 4,000 இணைப் படங்களைக் கொண்டு ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவித்தார்கள். கடைகளில் கிடைக்கும் ஒரே கிராபிக்ஸ் சிப்பில் வண்ண ஹாலோகிராம்கள் உடனுக்குடன் உருவாயின. அந்த மென்பொருளுக்கு ஒரு மெகாபைட் நினைவகம்கூடத் தேவைப்படவில்லை.

ஆனால், பிக்சல் பஞ்சம் தீரவில்லை. அதனால்தான் ஹாலோகிராமின் இடம் மூக்குக்கண்ணாடி என்று சொல்லத் தோன்றுகிறது. பெரிய அரங்கில் ஒளி எல்லாத் திசையிலும் போக வேண்டும். கண்ணாடியிலோ சில மில்லிமீட்டர் அகலமுள்ள கண்மணிக்குள் நுழையும் ஒளி மட்டும் சரியாக இருந்தால் போதும்.

இன்னொரு காரணம், கண்ணுக்கு அது தரும் நிம்மதி. பக்கத்துப் பொருளைப் பார்க்கும்போது இரு விழிகளும் உள்நோக்கித் திரும்புகின்றன. விழிவில்லையும் அதே தூரத்துக்குக் குவிகிறது. இப்போதைய மெய்நிகர் காட்சிக் (விஆர்) கருவிகள் இந்த இரண்டையும் பிரித்துவிடுகின்றன. விழிகள் கையெட்டும் தூரத்துக்குத் திரும்ப, வில்லை மட்டும் மாறாத ஒரு தூரத்திலேயே நிற்கிறது. பலருக்குத் தலைவலியும் கண் சோர்வும் வருவதற்கு இது முக்கியக் காரணம். மைக்ரோசாஃப்டின் ஹாலோலென்ஸ்கூட ஏறக்குறைய 2 மீட்டரில் குவியம் நிலைத்த கருவிதான். உண்மையான ஹாலோகிராமில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் அது இருக்க வேண்டிய ஆழத்திலிருந்தே வருகிறது. ஸ்டான்ஃபோர்டின் கார்டன் வெட்ஸ்டீன் குழு 2024-ல் காட்டிய மாதிரிக் கண்ணாடி, மெல்லிய வில்லைக்குள்ளேயே இதை முழு வண்ணத்தில் செய்தது. அதன் பார்வைப் பரப்பு இன்னும் குறுகலானது. சந்தைக்கு வர உழைப்பு பாக்கியிருக்கிறது.

அந்த உழைப்பு தகுதியான இடத்துக்குப் போய்ச்சேர வேண்டும். சி.டி. ஸ்கேன் துண்டு துண்டான படங்களைத் தருகிறது. கட்டி எங்கே இருக்கிறது, அதன் பின்னால் எந்த ரத்தக்குழாய் ஓடுகிறது என்பதை அறுவை மருத்துவர் மனதுக்குள்ளேயே அடுக்கிப் பார்க்கிறார். அந்த உருவத்தை அவர் கண்முன் சரியான ஆழத்தில் நிறுத்துவதைவிட மேலான பயன் இந்த நுட்பத்துக்கு இப்போதைக்கு இல்லை. மறைந்த கலைஞர்களை மேடையேற்றுவதற்குச் செலவிடும் ஆர்வத்தில் ஒரு பங்காவது இதற்குக் கிடைக்க வேண்டும்.

இந்தியாவில் வழி இருக்கிறது. குறைக்கடத்தி, காட்சித்திரை உற்பத்திக்காக ஒன்றிய அரசு 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. ஒளியின் கட்டத்தை மாற்றும் நுண்திரைகள், மெல்லிய வில்லைகள் ஆகியவற்றின் ஆய்வுக்கு அத்தகைய திட்டங்களில் தனி ஒதுக்கீடு வேண்டும். ஐஐடிகளின் ஒளியியல் ஆய்வகங்களும் அரசு மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து அதைச் செய்ய வேண்டும். மாதிரிக் கண்ணாடியை அணிந்து குறை சொல்லப்போகும் அறுவை மருத்துவர், வடிவமைப்பு தொடங்கும் நாளிலேயே அந்தக் குழுவில் இருக்க வேண்டும்.